ஒளியேற்றும் உரிமை: கடல் விளக்குகளுக்கான அனுமதி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கலங்கரை விளக்கம் என்றவுடன் பெரும்பாணாற்றுப்படையையும் சிலப்பதிகாரத்தையும் நினைவுகூர்வது எமது கல்வியுலகின் வழக்கம். முன்னது நீர்ப்பெயற்றுத் துறையில் இராக்காலத்திற் கப்பல்களை அழைப்பதற்கெனத் தீயிடப்பட்ட உயர்ந்த மாடத்தை வருணிக்கின்றது. பின்னது புகார்க் கடற்கரைக் காட்சியில் அச்சொல்லையே வழங்குகின்றது. பழந்தமிழரின் கடலறிவுக்குச் சான்றாக இக்குறிப்புகள் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளன. ஆயின், அத்தீயை ஏற்றுமாறு வேண்டியவர் யார், அதற்கு விறகும் ஆளும் கொடுத்தவர் யார், அது எந்த மரக்கலங்களுக்காக எரிந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இலக்கியம் அவற்றுக்கு விடை தருவதுமில்லை.

பிற்காலத்து விளக்குகளைப் பொறுத்தவரையில் நிலை வேறு. விண்ணப்பங்களும் பட்டயங்களும் சட்டப் பிரிவுகளும் வரிக் கணக்குகளும் எஞ்சியுள்ளன. கடலில் ஒரு விளக்கையோ மிதவையையோ குறியையோ அமைப்பதற்கும் மாற்றுவதற்கும் அனுமதி கோரும் முறை எவ்வாறு உருவாகியது, அம்முறை இலங்கையை வந்தடைந்தபோது எவருடைய தேவையை நிறைவேற்றியது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. ஏற்றப்பட்ட ஒளி யாவர்க்கும் பொதுவானது. அதனை ஏற்றுமாறு கேட்கும் உரிமை பொதுவாக இருந்ததில்லை. கடல் விளக்குகளின் வரலாற்றை இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள முரண்பாட்டின் வரலாறாக நோக்குதல் வேண்டும்.

குறியும் அதன் பொருளும்

விளக்கேற்றுவதற்கு அனுமதி எதற்கு என ஒருவர் வினவலாம். கடற்குறி என்பது ஒருவகை எழுத்தாகும். இரவில் தொலைவிலே தோன்றும் ஒளியின் நிறத்தையும் அது மின்னி மறையும் கால இடைவெளியையும் கொண்டே மாலுமி அது எந்த முனையின் விளக்கு என்பதை அறிகின்றான். தன் கப்பல் நிற்கும் இடத்தை அதனைக் கொண்டே கணிக்கின்றான். வரைபடத்திற் கண்டது ஒன்றும் கடலிற் காண்பது வேறொன்றுமாயின், அவ்விளக்கு இல்லாமையே மேல் எனும் நிலை ஏற்படும். எனவே புதிய விளக்கை அமைப்பது போலவே இருக்கும் விளக்கை மாற்றுவதும் அணைப்பதும் பொது அறிவிப்பும் பொது அனுமதியும் வேண்டி நிற்கும் செயல்களாகின்றன.

ஒரே நிற மிதவைக்கு வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு பொருள் கற்பித்த நிலை அண்மைக்காலம் வரை நீடித்தது. 1970களில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் உலகில் வழக்கிலிருந்தன. 1980 ஆம் ஆண்டு நவம்பரில் தோக்கியோவில் நடைபெற்ற மாநாட்டிலேயே அவற்றை ஒரே முறையின் கீழ்க் கொணர உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே அனுமதி எனும் கோட்பாட்டில் நியாயமான ஒரு கரு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அனுமதி வழங்கியவர் யார், அவர் எவருடைய நலனை அளவுகோலாகக் கொண்டார் என்பதே எமது வினா.

பட்டயமும் இலாபமும்

இம்முறையின் தோற்றத்தை இங்கிலாந்தில் தேடவேண்டும். 1514 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் தெற்போட் நகர மாலுமிகளின் சங்கமொன்றுக்குப் பட்டயம் அளித்தான். திரினிற்றி ஹவுஸ் எனப்படும் நிறுவனம் இதுவே. 1566 ஆம் ஆண்டின் சட்டம் கடலோரங்களிற் குறிகளை நாட்டும் அதிகாரத்தை இந்நிறுவனத்துக்கு வழங்கியது. அச்சட்டம் பிறிதொன்றையும் செய்தது. மாலுமிகள் நெடுங்காலமாகக் குறியாகக் கொண்டிருந்த தேவாலயக் கோபுரத்தையோ மரத்தையோ அழிப்பவருக்கு 100 பவுண் தண்டம் விதித்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒருவனுடைய நிலத்தில் நிற்கும் மரமேயாயினும் கடலோடிகள் அதனைக் குறியாகக் கொண்டுவிட்டால் உரிமையாளன் தன் விருப்பின்படி அதை வெட்டமுடியாது. தனியுடைமையின் மீது பொதுப் பயன்பாடு விதித்த இவ்வெல்லையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீளுவோம்.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறையில் முடி வேறொரு வழியையும் திறந்துவிட்டது. விளக்கமைக்கும் உரிமையைத் தனியாருக்குப் பட்டயமாக வழங்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டில் வளர்ந்தது. கோண்வாலின் தென்முனையான லிசாட்டில் விளக்கமைக்க 1619 ஆம் ஆண்டில் சேர் ஜோன் கில்லிக்குறூ அனுமதி பெற்ற வரலாறு இவ்வகையில் அறிவூட்டுவதாகும். அவருடைய விண்ணப்பத்தைத் திரினிற்றி ஹவுஸ் எதிர்த்தது. அவ்விளக்கு அவசியமற்றது எனவும் கடற்கொள்ளையருக்கும் பகைவருக்குமே அது வழிகாட்டும் எனவும் வாதிட்டது. கரையிலிருந்தோரும் அதனை விரும்பவில்லை. உடைந்த கப்பல்களிலிருந்து ஒதுங்கும் பொருள்களைத் தமது பரம்பரை வருவாயாகக் கருதிய அவர்கள், விளக்கு தம் பிழைப்பைக் கெடுக்கும் எனக் கருதியதாகக் கில்லிக்குறூ முறையிட்டார். பகைவர் அணுகும்போது அணைக்கவேண்டும் எனும் நிபந்தனையுடன் பட்டயம் கிடைத்தது. கப்பலுடையோர் தாமாக விரும்பிக் கொடுக்கும் நன்கொடையே வருவாயாக இருந்தது. அவர்கள் கொடுக்கவில்லை. பின்னர் கடந்து செல்லும் கப்பல்கள் மீது தொன்னுக்கு அரைப் பென்னி வரி விதிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினாற் பட்டயம் மீளப்பெறப்பட்டது. விளக்கும் அணைந்தது. அம்முனையில் நிலையான விளக்கு எரிவதற்கு 1751 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓர் ஒளியின் பயனை அனுபவிப்போர் அனைவரும் அதன் செலவை ஏற்க முன்வருவதில்லை என்பது இதனாற் பெறப்படுகின்றது. பொருளியலாளர் வெளிச்சவீட்டைத் தம் எடுத்துக்காட்டாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே. ஜோன் ஸ்ருவேட் மில்லும் பிற்காலத்திற் போல் சாமுவெல்சனும் இதனை அரசே செய்யவேண்டிய பணிக்கு உதாரணமாகக் காட்டினர். 1974 ஆம் ஆண்டில் றொனால்ட் கோஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனை மறுத்தது. இங்கிலாந்தில் வெளிச்சவீடுகளைத் தனியாரே அமைத்து நடத்தினர் என அது வாதிட்டது. அவர் காட்டிய தரவுகள் பெறுமதிமிக்கவை. ஆயினும் அவை அவருடைய முடிவுக்கே இட்டுச் செல்கின்றனவா என்பது ஐயத்துக்குரியது. தனியார் விளக்குகள் நிலைத்தது முடியின் பட்டயம் வரியைக் கட்டாயமாக்கிய பின்னரேயாம். அவ்வரியைத் துறைமுகங்களில் அறவிட்டோரிற் பலர் அரசின் சுங்க அதிகாரிகள். அரசின் அதிகாரம் தனியார் இலாபத்துக்கு வாடகைக்கு விடப்பட்டது என இதனைக் கூறுவதே பொருந்தும். இந்த இலாபத்தின் அளவை ஒரு தொகை காட்டும். 1836 ஆம் ஆண்டின் சட்டம் தனியார் விளக்குகளை வாங்கும் அதிகாரத்தைத் திரினிற்றி ஹவுசுக்கு அளித்தது. அவற்றுள் இறுதியாக எஞ்சிய ஸ்கெரீஸ் விளக்கு 1841 இல் 444,984 பவுண் கொடுத்தே பெறப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்குவரி வர்த்தகச் சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டது. 1894 ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் அனுமதி முறையைத் தெளிவாக வகுத்தது. துறைமுகத்தை நடத்தும் உள்ளூர் அதிகாரசபை எதுவாயினும், பொது வெளிச்சவீட்டு அதிகாரசபையின் இசைவின்றி விளக்கையோ மிதவையையோ குறியையோ நாட்டவும் அகற்றவும் அதன் இயல்பை மாற்றவும் கூடாது. மாலுமிகளை ஏமாற்றக்கூடிய பொய்யொளியை அணைக்குமாறு கட்டளையிடும் அதிகாரமும் பொது அதிகாரசபைக்கு உண்டு. பிரித்தானியாவில் இன்றுள்ள 1995 ஆம் ஆண்டின் சட்டமும் இக்கோட்பாட்டையே பின்பற்றுகின்றது. இலாபத்துக்கான பட்டயம் பொதுநலனுக்கான இசைவாக மாறிய இம்மாற்றம் ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

குடியேற்ற நாட்டிற்கான விதி

குடியேற்ற நாடுகளுக்கென 1855 ஆம் ஆண்டிலேயே தனி விதி வகுக்கப்பட்டது. ஒரு குடியேற்ற நாட்டின் சட்டமியற்றும் அதிகாரியின் இசைவுடன் அதன் கரையில் அல்லது கரைக்கு அண்மையில் விளக்கு அமைக்கப்பட்டிருப்பின், அதனைக் கடந்து சென்று அதனாற் பயன்பெறும் கப்பல்கள் செலுத்தவேண்டிய வரியைக் கோமறைக் கழக ஆணையினால் நிருணயிக்கலாம். ஆயினும் அந்நாட்டுச் சட்டமன்றம் முடிக்கு விண்ணப்பம் செய்தோ கட்டளைச்சட்டம் இயற்றியோ அவ்வரி வேண்டுமெனத் தன் கருத்தைத் தெரிவித்திருத்தல் வேண்டும். வரி பேரரசின் எத்துறையிலும் அறவிடப்படலாம்.

எழுத்தளவில் இது குடியேற்ற நாட்டு மக்களின் விருப்பத்துக்கு இடமளிக்கும் விதியாகவே தோன்றும். ஆனால் இலங்கையின் சட்டநிரூபண சபை 1833 முதல் உத்தியோகப்பற்றுள்ள உறுப்பினர் 9 பேரையும் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் 6 பேரையும் கொண்டிருந்தது. பின்னவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டோரே. அவர்களுள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் இடம். எனவே இலங்கையின் விண்ணப்பம் எனப்பட்டது யதார்த்தத்தில் அரசு தனக்குத்தானே செய்துகொண்ட விண்ணப்பமாகும். மீன்பிடிப்போரும் தோணிக்காரரும் அச்சபையின் வாயிலைக் கண்டதில்லை.

இராவணன் கோட்டையின் விளக்கு

இவ்விதியின் செயற்பாட்டைத் தென்கிழக்குக் கரையிற் காணலாம். கிரிந்தைக்கு அப்பாற் கரையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாறைத்தொடரை ஆங்கிலேயர் கிறேற் பாசஸ் என்றனர். ஆழமற்ற இடங்களைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. கிழக்கே உள்ள மற்றையது லிற்றில் பாசஸ். சிங்கள மக்கள் இவற்றை மகா இராவணன், குடா இராவணன் என்னும் பெயர்களுடன் இணைத்து வழங்குவர். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் இப்பாறைகள் எத்தகைய இடர் விளைத்தன என்பதற்கு 1961 இல் கிறேற் பாசஸ் அருகே கண்டெடுக்கப்பட்ட சிதைவு சான்றாகும். சூரத் அக்கசாலையில் அவுரங்கசீப்பின் பெயரால் ஹிஜ்ரி 1113 இல், அதாவது கி.பி. 1702 அளவில், அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் கட்டிகட்டியாக அங்கு கிடந்தன. கப்பலின் பெயரும் அதிலிருந்தோரின் பெயரும் மறைந்துபோயின.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1856 இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட்டின் காலத்தில் இப்பாறையில் விளக்கமைக்கும் திட்டம் எழுந்தது. அலெக்சாந்தர் கோடன் வார்ப்பிரும்புக் கோபுரம் ஒன்றை வரைந்தார். ஏறத்தாழ 40,000 பவுண் செலவாகியும் பாறையின் மீது வேலை உருப்பெறவில்லை. பின்னர் பொறுப்பேற்ற திரினிற்றி ஹவுஸ் தன் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸின் வரைபின்படி கருங்கற் கோபுரத்தை எழுப்பியது. அவருடைய சகோதரர் வில்லியம் டக்ளஸ் கட்டுவேலையை நடத்தினார். கற்கள் ஸ்கொத்லாந்தில் செதுக்கப்பட்டுக் காலிக்குக் கொணரப்பட்டன. 37 மீற்றர் உயரமான அக்கோபுரத்தின் விளக்கு 1873 மார்ச்சில் ஏற்றப்பட்டது. செலவு ஏறத்தாழ 64,000 பவுண். லிற்றில் பாசஸ் விளக்கு 1878 இல் எரிந்தது. தொடர்ந்து மினிக்கோய்த் தீவில் 1885 இலும், பேருவளைக்கு அருகிலும் தேவேந்திரமுனையிலும் 1889-90 இலும் விளக்குகள் எழுந்தன. இவை யாவும் இம்பீரியல் வெளிச்சவீட்டுச் சேவையின் கீழ் அமைந்தன.

இவ்விடங்களை வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பார்க்குமிடத்து உண்மை புலனாகும். 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஏடனிலிருந்து மினிக்கோய் வழியாக இலங்கையின் மேற்குக்கரையை அடைந்து, தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றி, பாசஸ் பாறைகளைக் கடந்து கல்கத்தாவுக்குச் செல்லும் நீராவிக் கப்பற்பாதையே அக்கோடு. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்பு அலைதடுப்பு அணையும் இதே வரலாற்றின் கூறாகும். ஏகாதிபத்திய வணிகம் தன் பெருவீதிக்கு விளக்கிட்டது.

இவ்விளக்குகளின் செலவு இலங்கைக் குடியானவனின் நெல்வரியிலிருந்து எடுக்கப்படவில்லை, கப்பல்களே செலுத்தின என வாதிடலாம். அது உண்மையே. ஆயின் அந்த நியாயத்திலேயே எமது வினாவுக்கான விடையும் அடங்கியுள்ளது. கடந்து செல்லும் கப்பலின் வரியே விளக்கின் மூலதனமாயின், வரி செலுத்தவல்ல கப்பல் செல்லும் இடத்திலேயே விளக்கு அமையும். பயன்பெறுவோர் என்னும் சொல் நடைமுறையிற் பணம் கொடுப்போர் என்றே பொருள்பட்டது.

கேட்கப்படாத கரை

பணம் கொடுக்க இயலாதோரின் கடல் எவ்வாறிருந்தது? பருத்தித்துறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் நாகப்பட்டினத்துக்கும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளுக்கும் ஓடிய தோணிகளும் வத்தைகளும் இந்நூற்றாண்டுகளில் ஓய்ந்துவிடவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி 1938 இல் அமெரிக்கக் கரையை அடைந்தமை இக்கடலோடிகளின் திறனுக்குச் சான்று. மலையகத் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கியதும் சிறு படகுகளிலிருந்தேயாம். இம்மரக்கலங்களுக்கு விண்மீனும் நீரின் நிறமும் பனங்கூடலும் கோயிற் கோபுரமுமே குறிகளாக இருந்தன.

அத்தகைய குறியொன்றுக்கு நேர்ந்த கதி குறிப்பிடத்தக்கது. நாகப்பட்டினத்துக்கு வடக்கே பழைய செங்கற் கோபுரம் ஒன்று நின்றது. சீனக் கோபுரம் எனவும் புதுவெளிக் கோபுரம் எனவும் வழங்கப்பட்ட இது, சோழர் காலத்தில் அந்நகரிற் சிறந்திருந்த பௌத்த வழிபாட்டு மரபோடு தொடர்புபடுத்தப்படுவதாகும். தட்டையான அக்கரையை நெருங்கும் மாலுமிகளுக்கு அது நெடுங்காலமாகக் குறியாக விளங்கியது. இயேசு சபையினர் அதனை இடிப்பதற்குச் சென்னை அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றனர்; 1867 இல் அது தகர்க்கப்பட்டது. சேர் வோல்ரர் எலியற் பின்னர் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே அதன் தோற்றத்தை நாம் பெரிதும் அறிகின்றோம்.

இங்கு 1566 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மீளுவோம். ஆங்கிலக் கரையில் மாலுமி நம்பிய மரத்தை வெட்டியவனுக்கு 100 பவுண் தண்டம். மூன்று நூற்றாண்டுகளின் பின், அதே முடியின் ஆட்சிக்குட்பட்ட தமிழ்க் கரையில் மாலுமி நம்பிய கோபுரம் அரசின் இசைவுடனேயே இடிக்கப்பட்டது. கிறேற் பாசஸ் பாறையில் விளக்கேற்றுவதற்கான முயற்சி நடந்துகொண்டிருந்த அதே காலப்பகுதியில் இது நிகழ்ந்தது என்பது கவனத்துக்குரியது.

இலங்கையின் ஏனைய விளக்குகளின் காலமுறையும் இதனையே உணர்த்துகின்றது. நீராவிக் கப்பல்கள் தங்கிய காலியில் 1848 இல் விளக்கு எழுந்தது. கடற்படைத் தளமான திருகோணமலையின் முகத்துவாரத்துக்கு 1860களில் விளக்குகள் கிடைத்தன. மட்டக்களப்பு முகத்துவாரத்தில் இன்று நிற்கும் வெளிச்சவீடு 1913 ஆம் ஆண்டினது. பருத்தித்துறையிலும் காரைநகர்க் கோவளத்திலும் நிற்பவை 1916 ஆம் ஆண்டினவை. வணிகமும் கடற்படையும் முன்னே செல்ல, கரையோர மக்களின் கடல் பின்னே வந்தது.

ஒளியின் பொதுமை

எனினும் இவ்வரலாற்றை ஒருதலைப்பட்சமாக முடித்தல் தகாது. விளக்கு ஏற்றப்பட்டபின் அதனை ஏற்றியவனின் நோக்கத்துக்குள் ஒளி அடங்குவதில்லை. வரிகட்டிய கப்பலுக்கென எரிந்த பாசஸ் விளக்கு கிரிந்தை மீனவனின் ஓருவுக்கும் வழிகாட்டியது. அவனிடம் பற்றுச்சீட்டு கேட்க ஒளியால் இயலாது. சமூகத்தின் உழைப்பினால் உருவாகும் பொருள் தனிநலனின் எல்லையை மீறிப் பொதுவாகும் தன்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. எமது மக்கள் அதனை வெளிச்சவீடு எனத் தம் சொல்லிலேயே பெயரிட்டு ஏற்றுக்கொண்டமையும் இதனாலாகும்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. பெருங்கப்பல்கள் செய்மதிகளின் துணையுடன் தம் இடத்தை அறிகின்றன. விளக்குகளின் வீச்சைக் குறைக்கவும் சிலவற்றை அணைத்துவிடவும் பல நாடுகளில் முடிவுகள் எடுக்கப்பட்டு வருகின்றன. விளக்கை இன்னும் கண்ணால் நாடி நிற்போர் பெரும்பாலும் சிறுபடகுக்காரரே. அன்று விளக்கேற்ற விண்ணப்பித்தோர் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கவில்லை. இன்று விளக்கை அணைப்பதற்கான விண்ணப்பத்திலாவது இவர்களுடைய கருத்து கேட்கப்படுமா என்பதே எஞ்சியுள்ள வினா. பயன்பெறுவோர் என்ற சொல்லுக்கு 1855 இல் வழங்கிய பொருளையே நாமும் வைத்திருப்போமாயின், பணம் செலுத்தும் கப்பல் போனதும் விளக்கும் போய்விடும். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை பாசஸ் கோபுரங்களைத் தாக்கிச் சேதப்படுத்தியபோதும் அவை வீழ்ந்துவிடவில்லை. கடலாற் சாய்க்க இயலாத விளக்கைக் கணக்கேட்டின் ஒரு வரி அணைத்துவிடக்கூடும். அவ்வரியை எழுதுமுன் கரையில் நிற்போரையும் கேட்கவேண்டும் என்பதை அனுமதி முறையின் முதல் விதியாக்குதல், சுதந்திர நாடொன்றின் கடற்சட்டத்துக்கு உரிய கடனாகும்.